நாலு கியர் பிக்கப்புக்கு எந்த ஹவுசிங்?

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஜீப் முகம் வைத்த பழைய டீசல் பிக்கப், நாலு கியர், பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. இத்தனை வருஷமாகக் காசிமேட்டில் மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றி, பெரம்பூர், மூலக்கடைப் பக்கம் இறக்கிக்கொண்டிருந்தார். இப்போது வாரத்தில் மூன்று நாள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒரு டன் சரக்கோடு போகிற வேலை கிடைத்திருக்கிறது. காரனோடை தாண்டி ரோடு திறந்ததும் மற்ற வண்டிகள் பறக்க, இவருடையது அறுபதிலேயே கத்துகிறது. பின் ஹவுசிங்கில், அதாவது பின் சக்கரங்களைச் சுற்றும் கியர் உட்காரும் ஆக்சில் கூட்டில், கிரவுன் பினியன் என்கிற கியர் ஜோடி 43/8. அதே கம்பெனியின் ஆள் ஏற்றும் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய 41/11 ஹவுசிங் விலைக்கு வந்திருக்கிறதாம். மாட்டினால் எண்பதில் சும்மா மிதக்கும் என்று ஒருவர் ஆசை காட்டியிருக்கிறார். போடலாமா, கூட என்னென்ன மாற்ற வேண்டும் என்பது கேள்வி.

தம்பி, அந்த ஹவுசிங்கைப் போடாதீர்கள். ரேஷியோ மாற்றும் எண்ணம் தப்பில்லை, அளவுதான் தப்பு. நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகம் வேண்டும் என்பதிலிருந்து நீங்கள் கணக்கைத் தொடங்கியிருக்கிறீர்கள். சரக்கு வண்டிக்குக் கணக்கு முதல் கியரிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 43/8 என்றால் கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல். வகுத்தால் 5.375, இதுதான் ரேஷியோ. கியர் பாக்ஸிலிருந்து பின்னால் வரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் அத்தனை சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. டயர் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் உருள்கிறது என்று தெரிந்தால் மீதியெல்லாம் வாய்ப்பாடு. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, சரக்கோடு வண்டியைத் தள்ளி, கோடு மறுபடி கீழே வரும் இடத்தில் டேப் பிடித்து அளங்கள். உங்கள் டயருக்கு 2.25 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிஷத்துக்குச் சரியாக 1000 மீட்டர். அதை 2.25ஆல் வகுத்தால் சக்கரம் நிமிஷத்துக்கு 444 சுற்று. நாலாவது கியர் நேர் கியர், அதாவது எஞ்சினும் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் என்பதால், அதை 5.375ஆல் பெருக்கினால் எஞ்சின் சுற்று 2390 பக்கம். எண்பதில் அதுவே 3185. பழைய டீசல் எஞ்சினுக்கு அது மூச்சு வாங்கும் இடம். கத்தாமல் என்ன செய்யும்?

அதே எண்பதில் 39/8 போட்டால், அதாவது 4.875க்கு, 2890. 41/10க்கு, அதாவது 4.1க்கு, 2430. உங்களுக்கு வந்திருக்கும் 41/11க்கு 2210தான். காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் கடைசி எண்மேல்தான் ஆசை வரும்.

இப்போது மறுபக்கம். ரேஷியோ குறைந்த அளவுக்குச் சக்கரத்தில் கிடைக்கும் இழுவையும் குறையும், எல்லா கியரிலும். 5.375இலிருந்து 4.875க்கு வந்தால் 9 சதவீதம் போகும். 4.1க்கு வந்தால் 24 சதவீதம். 41/11க்கு வந்தால் 30க்கும் மேல். வண்டியும் சரக்கும் சேர்ந்து 2.6 டன் என்று வையுங்கள். 4.1 போட்ட பிறகு, எஞ்சினுக்கு அது 3.4 டன் வண்டியை இழுப்பதுபோல இருக்கும். 39/8 போட்டால் 2.9 டன்னுக்குக் கொஞ்சம் கீழே. முன்னது தண்டனை, பின்னது தாங்கிக்கொள்ளலாம்.

கும்மிடிப்பூண்டி ரோட்டில் ஓடும்போது இது தெரியாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும்போதுதான் தெரியும். அங்கே வண்டி ஓடுவதில்லை, ஊர்கிறது. 43/8இல் முதல் கியர் போட்டுக் காலை எடுத்துவிட்டால் அதுபாட்டுக்கு மனுஷன் நடக்கிற வேகத்தில் ஊரும். 41/11இல் அந்த வேகத்துக்கு எஞ்சின் திணறும், நீங்கள் அரைக் கிளட்ச் பிடிப்பீர்கள். ஒரு மணி நேரம் அரைக் கிளட்ச் பிடித்தால் பிளேட் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே நடந்தது. பல வருஷத்துக்கு முன்னால் என் சொந்த வண்டியில் ஆசைப்பட்டு 41/10 போட்டேன். காலி வண்டியில் சொர்க்கம். டைல்ஸ் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம் மூலக்கடை மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசல், நடுவில் நின்றுவிட்டேன். மறுபடி எடுக்க நாலு முயற்சி, கருகிய வாசனை, பின்னால் ஹாரன் கச்சேரி. அந்த வருஷமே கிளட்ச் செட் இரண்டு முறை மாற்றினேன். மிச்சம் பிடித்த டீசல் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது.

டீசல் என்றதும் இன்னொன்று. ரேஷியோ குறைத்தால் மைலேஜ் கட்டாயம் ஏறும் என்று நம்பாதீர்கள். சரக்கோடு டாப் கியரில் இழுக்க முடியாமல் மூன்றாவதுக்கு வந்துகொண்டே இருந்தால் ஏறாது, இறங்கவும் செய்யும்.

ஆக, ஹவுசிங்கைத்தான் மாற்றுவது என்றால் உங்கள் வண்டிக்கு என் பதில் 39/8. எழுபதில் 2530 சுற்று வரும். இப்போது அதே எழுபதில் 2790 ஓடுகிறது. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும், ஆனால் காதுக்கும் எஞ்சினுக்கும் நன்றாகவே தெரியும். ஜீப்போடு பிறந்த ஜோடிதான் இது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இருந்தது 4.88. போர் முடிந்து 1945இல் விவசாயிகளுக்கென்று சிஜே வகை வந்தபோது, ஏர் இழுக்க வேண்டும் என்பதற்காக அதை 5.38 ஆக்கினார்கள். உங்கள் பிக்கப் அந்த உழவு ரேஷியோவோடுதான் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹவுசிங்கைத் தொடுவதற்கு முன்னால் கியர் பாக்ஸைப் பற்றியும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அதே குடும்பத்து வண்டிகளில் வந்த ஐந்து கியர் பாக்ஸ் உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துமானால் என் ஓட்டு அதற்குத்தான். ஐந்தாவது கியர் 0.85 என்று வைத்தால், 43/8 ஹவுசிங்கோடு சேர்ந்து 4.57 போல வேலை செய்யும், அதாவது எஞ்சின் 39/8ஐவிட நிதானமாக ஓடும். முதல் கியர் இழுவையில் கை வைக்க வேண்டியதில்லை, பிரேக், பட்டை (லீஃப் ஸ்பிரிங்), ஹப்பு எதையும் கழற்ற வேண்டியதில்லை. பழைய பாக்ஸின் முதல் கியர் ரேஷியோவையும் புதியதின் முதல் கியர் ரேஷியோவையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள், அவ்வளவுதான். பாக்ஸ் மவுண்டிங்கும் ஷாஃப்ட் நீளமும் மாறும், அது லேத்துக்காரர் வேலை.

பாக்ஸ் கிடைக்கவில்லை, ஹவுசிங்தான் என்று முடிவானால், அடுத்த கேள்வி எதைப் போடுவது. ஆள் ஏற்றும் வண்டியின் ஹவுசிங்கை நான் வேண்டாம் என்றதற்கு ரேஷியோ மட்டும் காரணமில்லை. சரக்கு வண்டிகள் பலவற்றில் ஆக்சில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றுவதோடு சரி, வண்டியின் பாரத்தை ஹவுசிங் குழாயும் ஹப்பு பேரிங்கும் சுமக்கும். ஹப்பின் வெளியே வட்டமாக போல்ட் தெரியும், அதைக் கழற்றினால் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஷாஃப்டை உருவிவிடலாம். ஃபுல் ஃப்ளோட்டிங் என்பார்கள். ஆள் வண்டிகளில் பெரும்பாலும் ஷாஃப்டே பாரத்தையும் சுமக்கும். அங்கே ஷாஃப்ட் உடைந்தால் இழுவை போவதோடு நிற்காது, சக்கரமே டிரம்மோடு வெளியே வந்துவிடும். ஒரு டன் சரக்கோடு கும்மிடிப்பூண்டி போகும் ஜிஎன்டி ரோட்டில் அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு ஹவுசிங்கையும் பக்கத்தில் வைத்து ஷாஃப்ட் தடிமன், குழாய் கனம், ஹப்பு பேரிங், டிரம் அகலம் நான்கையும் ஒப்பிடுங்கள். ஒன்றாவது மெலிந்து தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

உங்களுடையது, முன்னால் போல்ட் எடுத்தால் நடுப்பகுதி முழுசாகக் கையில் வந்துவிடுகிற வகை ஹவுசிங் என்றால் வேலை பாதியாகிவிடும். அதே குடும்பத்தின் 39/8 சென்டர் பீஸ் மட்டும் வாங்கி மாற்றினால் போதும். ஆக்சில் ஷாஃப்டின் முனையில் இருக்கும் பல் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். பின்னால் மூடி கழற்றுகிற வகை, அதாவது ஜீப்பில் வரும் டானா 44 போன்றது என்றால், கிரவுன் பினியனை ஹவுசிங்குக்குள்ளேயே வைத்து செட் செய்ய வேண்டும். அந்த வகையில் கிரவுன் உட்காரும் கூட்டை கேஸ் என்பார்கள். 3.73உம் அதற்குக் கீழும் ஒரு கேஸ், 3.92உம் அதற்கு மேலும் வேறு கேஸ். 43/8இலிருந்து 39/8க்கோ 41/10க்கோ போனால் கேஸ் அதேதான். 41/11க்குப் போனால் கேஸையும் மாற்ற வேண்டும். பலருக்கு இது வாங்கி வந்த பிறகுதான் தெரிகிறது.

கிரவுனும் பினியனும் ஜோடியாக அரைத்துப் பழக்கப்பட்டவை, இரண்டிலும் ஒரே எண் வெட்டியிருக்கும். ஒன்று ஒரு கடையில், மற்றொன்று இன்னொரு கடையில் என்று வாங்குவது கல்யாணத்துக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வேறுவேறு மண்டபத்துக்கு அனுப்புவது மாதிரி. செட்டிங்குக்கு, பல் இடைவெளி அளக்கும் டயல் கேஜ் வைத்திருக்கும் ஆளிடம் போங்கள். கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்பவரிடம் வேண்டாம். இந்த அளவு வண்டிகளில் பல் இடைவெளி பொதுவாக 0.15 முதல் 0.20 மி.மீ. பக்கம், உங்கள் மாடலின் மேனுவல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. பினியன் பேரிங் இறுக்கத்தை, புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து மாட்டும் வட்டத் தட்டான ஃபிளாஞ்சில் நூல் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்ப்பார்கள். காசிமேட்டில் நூல் சுற்றிய தராசைப் பார்த்தால் மீன் நிறுக்கிறார்கள் என்று நினைப்பார்கள், பரவாயில்லை. கடைசியில் பல்லில் நிறம் தடவிச் சுற்றி, படிந்த தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

பழைய ஹவுசிங் வாங்கப் புதுப்பேட்டை போனாலும் சரி, மாதவரம் லாரி ஷெட்டுகளில் விசாரித்தாலும் சரி, விற்பவர் சொல்லும் ரேஷியோவை நம்பி வராதீர்கள். மூடியைத் திறந்து பல்லை எண்ணுங்கள். வண்டியில் மாட்டியே இருந்தால் வேறு வழி உண்டு. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள். தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். ஒரு சக்கரம் நிற்பதால் ஷாஃப்ட் பாதிதான் சுற்றும், எனவே 20 சுற்றுக்கு வருவது ரேஷியோவின் பத்து மடங்கு. 43/8 என்றால் 53¾, 39/8 என்றால் 48¾, 41/10 என்றால் 41. நாலு சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்கள் இதை முன்பக்கமும் செய்து பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இல்லாமல் நாலு சக்கரத்தையும் போட்டால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கி உடைத்துக்கொள்ளும்.

ஆயிலை விரலில் எடுத்துப் பாருங்கள். தேன் நிறமோ கறுப்போ பரவாயில்லை. பால் காப்பி நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் முழுகிய வண்டிகளை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். வெள்ளம்கூட வேண்டாம், மழை நாளில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் இறங்கினாலே போதும். ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீருக்குள் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், மேலே இருக்கும் பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பல்லில் அரைவட்டமாகத் துருக் கோடு இருந்தால் அந்த ஹவுசிங் பல மாதம் தண்ணீரோடு சும்மா கிடந்தது என்று அர்த்தம். உங்கள் வண்டியிலும், மாட்டும்போது பிரீதருக்கு ஒரு குழாய் போட்டு பாடி உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

மீன் வண்டி என்பதால் இன்னொன்று. ஐஸ் உருகிச் சொட்டும் உப்புத் தண்ணீர் பட்டை சீட்டையும் பிரேக் பைப்பையும் தின்றிருக்கும். ஹவுசிங் இறங்கும்போது யு போல்ட் எல்லாம் புதுசு போடுங்கள், பழையதைச் சுத்தம் பண்ணிப் போடாதீர்கள். பைப், ஹோஸ், வீல் சிலிண்டர், சீல் இவற்றுக்கும் காசு ஒதுக்கி வையுங்கள். ஹவுசிங் விலையோடு செலவு முடிந்ததாக நான் ஒரு வண்டியிலும் பார்த்ததில்லை.

முழு ஹவுசிங் மாற்றும்போது அளக்க வேண்டியவை: டிரம் முகத்திலிருந்து டிரம் முகம் வரை அகலம், பட்டை உட்காரும் இரண்டு சீட்டுகளுக்கு நடு அளவு, பினியன் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா, ஃபிளாஞ்சின் ஓட்டை அளவு. ஜீப் வகைச் சக்கரம் ஐந்து போல்ட், 139.7 மி.மீ. வட்டம். சீட் அளவு ஒத்துவரவில்லை என்றால் வெட்டி வெல்டிங் பண்ணித் தருகிறேன் என்று பட்டறையில் சொல்வார்கள். சூட்டில் குழாய் வளையும், பினியன் மூக்கின் சாய்வு மாறும், அப்புறம் ஆயுசுக்கும் அதிர்வும் சீல் ஒழுகலும்தான். நான் அந்த ஹவுசிங்கை விட்டுவிட்டு வேறு தேடுவேன். மாட்டி முடித்ததும், கியர் பாக்ஸின் வெளி ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கிறதா என்று கோண அளவி வைத்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் கிராஸ் மூட்டு இருக்கும் வழக்கமான புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு அதுதான் விதி.

நடுப்பகுதியைத் தலைகீழாக மாட்ட இடம் கொடுக்கும் ஹவுசிங்குகளும் உண்டு. நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில் ஒரு ராத்திரி அவசரத்தில் அப்படி மாட்டிவிட்டார்கள். காலையில் முதல் கியர் போட்டதும் வண்டி பின்னால் வந்து தண்ணீர் டிரம்மில் இடித்தது. நாலு ரிவர்ஸ், ஒரு ஃபார்வர்டு. மேஸ்திரி அன்றைக்கு யாரோடும் பேசவில்லை.

பிரேக் விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். டிரம் அளவோ வீல் சிலிண்டர் அளவோ வேறாக இருந்தால் முன் பின் பிரேக் பங்கு மாறிவிடும், மழையில் பின்பக்கம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். முடிந்தால் உங்கள் பழைய பிரேக் பிளேட்டையும் டிரம்மையுமே புது ஹவுசிங்குக்கு மாற்றுங்கள்.

ஸ்பீடோமீட்டரை எல்லோரும் மறப்பார்கள். அதன் கேபிள் கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து வருகிறது, ஹவுசிங் மாறியது அதற்குத் தெரியாது. 39/8 போட்ட பிறகு முள் 60 காட்டும்போது நிஜத்தில் 66 ஓடுவீர்கள். 41/10 என்றால் கிட்டத்தட்ட 79. கிலோமீட்டரும் குறைவாக ஏறும். 41/10க்கு நூறு ஓடினால் 76தான் காட்டும். அதை வைத்து மைலேஜ் பார்த்துவிட்டு "ரேஷியோ மாத்தினதும் டீசல் ஜாஸ்தி குடிக்குது" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. கேபிளின் சின்னப் பல் சக்கரத்தை மாற்றிச் சரிபண்ணலாம், அதுவரை கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள்.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சரக்கு வண்டி ஆர்.சி.யில் ஆக்சில் எடையும் பதிவாகியிருக்கும். அதே மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த வேறு ரேஷியோவைப் போடுவது ஒன்று, வேறு வண்டியின் ஆக்சிலை வெட்டி ஒட்டுவது முற்றிலும் வேறு. எட்டு வயது தாண்டிய வண்டியை வருஷாவருஷம் எஃப்.சி.க்குக் காட்டத்தானே போகிறீர்கள், ஹவுசிங்குக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால், ஜிஎல்-5 தரத்தில் மேனுவல் சொல்லும் கிரேடு கியர் ஆயிலை நிரப்பு ஓட்டை விளிம்பு வரை ஊற்றுங்கள். முதல் நாள் சரக்கு வேண்டாம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை ஐம்பதுக்குள் ஓட்டிப்போய், அரை மணி நேரம் ஆறவிட்டுத் திரும்புங்கள். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளை வந்தால் பல்லின் முன்பக்கத் தடம் சரியில்லை, காலை எடுக்கும்போது மட்டும் வந்தால் பின்பக்கத் தடம். எப்போதும் உருளுகிற சத்தம் இருந்தால் பேரிங். ஹவுசிங்மேல் கை வைக்க முடியாத சூடு இருந்தால் மறுபடி திறக்கத்தான் வேண்டும். சத்தமும் சூடும் இல்லையென்றால் முதல் 500 கி.மீ. பாதிச் சரக்கு மட்டும் ஏற்றுங்கள். அப்புறம் ஆயிலை இறக்கி, டிரெய்ன் பிளக்கில் ஒட்டியிருப்பதைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் மாதிரிப் பசை இருந்தால் பல் பழகியிருக்கிறது, புது ஆயில் ஊற்றி முழுச் சரக்கு ஏற்றலாம். நகக்கண் அளவில் துண்டு கிடைத்தால் வண்டியை எடுக்காமல் செட் பண்ணின ஆளைக் கூப்பிடுங்கள்.